பழைய துப்பாக்கியின் மேல்தோல்

 

நூறு வயது தாண்டிய இங்கிலீஷ் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பர்மிங்காமிலோ லண்டனிலோ செய்தது. குழலின் கருப்பு தேய்ந்து பழுப்படித்திருக்கிறது. கட்டையில் இரண்டு தலைமுறைக் கீறல்கள். பூட்டுத் தகட்டில் ஒருகாலத்தில் நீலமும் பழுப்பும் கலந்து கிடந்த நிறம் போய், சாம்பல் இரும்புதான் மிச்சம். வைத்திருப்பவர் ஆசைப்பட்டு, மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் போடக் கொடுக்கிறார். மின்னிக்கொண்டு திரும்பி வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விவரம் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்தால் மட்டும், அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் மேசைமேல் வைத்துவிடுவார். மங்கிக் கிடந்தபோது அதற்கு இருந்த மதிப்பு இப்போது இல்லை.

ஏன்? அந்தத் துணிச் சக்கரம் எதை எடுத்துக்கொண்டு போயிற்று என்று பார்த்தால் விடை கிடைக்கும். அந்தத் துப்பாக்கியைச் செய்தவர்கள் தட்டையான பரப்புகளை அரத்தால் சமன்செய்து, பிறகு மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்தார்கள். அதனால் ஒரு பரப்பும் இன்னொரு பரப்பும் சந்திக்கிற விளிம்பு கூர்மையாக நின்றது. துணிச் சக்கரம் மெத்தென்று இருப்பது. அது விளிம்பில் ஏறி இறங்கி அதை மழுக்கிவிடும். திருகாணி உட்காரும் துளையின் வாயைக் குழித்துவிடும். செதுக்கு வேலையின் மெல்லிய கோடுகளை முதலில் அழிக்கும், ஆழமான கோடுகளை மட்டும் மிச்சம் வைக்கும். ஒரு பூங்கொடியில் தண்டு இருக்கும், இலை நரம்பு இருக்காது. செய்தவரின் பெயரில் ஓர் எழுத்து பாதி மெலிந்து நிற்கும். இதையெல்லாம் திரும்ப வைக்க வழியில்லை. இரும்பை எடுக்கத்தான் முடியும்.

துப்பாக்கிப் புதுப்பிப்பில் நான் முதலாவதாகச் சொல்ல விரும்புவது இதுதான். பழைய துப்பாக்கிக்கு மேல்தோல் ஒன்றுதான். அதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது, அதில் எதைச் செலவழிக்கலாம் என்று முடிவுசெய்கிற திறமைதான் இந்தக் கைவினையின் முக்கால் பங்கு. அரமும் உளியும் அமிலமும் அதற்கு அப்புறம்.

ஆகவே நல்ல கைவினைஞர் முதலில் கருவியை எடுக்க மாட்டார். படிப்பார். குழல்களைக் கழற்றித் திருப்பிப் போட்டால் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிடக் கூடுதலான மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கியதற்குத்தான் முத்திரை குத்துவார்கள். லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் பார்லிமென்ட் சட்டத்தால் நிறுவப்பட்டு, பான்பரி தெருவில் இன்றும் வேலை செய்கிறது. முத்திரைகளின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால், அவற்றை வைத்தே வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். 1875 முதல் 1887 வரை, வாய்ப்பக்கம் சற்றுக் குறுக்கிய குழல்களில் ‘குண்டுக்கு அல்ல’ என்ற பொருளில் இங்கிலீஷில் பொறித்தார்கள். ரவை மட்டும் போடலாம், ஒற்றைக் குண்டு போடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. அந்த வாசகத்தைப் பார்த்ததும் துப்பாக்கி எந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் சோதனைக்குப் போனது என்று தெரிந்துவிடுகிறது.

பன்னிரண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ‘பன்னிரண்டு போர்’ என்கிறோமே, அது அங்குலக் கணக்கும் இல்லை, மில்லிமீட்டர் கணக்கும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் போகுமோ அது பன்னிரண்டு போர். சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபது போர் என்றால் பவுண்டுக்கு 20 உருண்டை. அதனால்தான் எண் பெரிதாகப் பெரிதாகக் குழல் சிறிதாகிறது.

முத்திரை பார்த்தாயிற்று. அடுத்து காதால் ஒரு சோதனை. குழல்களை அடியிலுள்ள கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, இன்னொரு கையின் நகத்தாலோ மரத்துண்டாலோ மெல்லத் தட்டுவார்கள். இரண்டு குழல்களும் நடுவே ஓடும் பட்டைகளும் பற்றாசு விடாமல் ஒன்றாக இருந்தால், கோயில் மணியைச் சுண்டியதுபோல ஒலி நீண்டு போகும். எங்கேயாவது பட்டை விட்டிருந்தால் சொத்தென்று ஓசை அங்கேயே செத்துவிடும். விட்ட இடத்துக்குள் ஈரம் புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் துரு தின்றுகொண்டிருக்கும்.

பிறகு அளவு. குழலின் உட்புறத்தில் துருக்குழிகள் இருந்தால், அதைத் துருவி வழவழப்பாக்கத் தோன்றும். ஆனால் உள்ளே துருவினால் சுவர் மெலியும். இங்கிலீஷ் வேட்டைத் துப்பாக்கிகளில் குழல்சுவர் நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அனுபவமுள்ளவர்கள் கையெடுத்துவிடுவார்கள். அரை மில்லிமீட்டர் என்பது இரண்டு மூன்று விசிட்டிங் கார்டின் தடிப்பு. அந்தத் தடிப்புதான் வெடிக்கும் மருந்துக்கும் சுடுபவரின் இடது கைக்கும் நடுவே நிற்கிறது. உள்விட்டம் ஓர் அளவுக்கு மேல் கூடிவிட்டால், இங்கிலாந்துச் சட்டப்படி மறுசோதனைக்கு அனுப்பாமல் விற்கவே கூடாது. குழி இருக்கட்டும், சுவர் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிற கைவினைஞரை நான் மதிக்கிறேன். சேதம் அளவு மீறியிருந்தால், இனி சுடுவதற்கில்லை, பார்ப்பதற்கு மட்டும் என்று நேராகச் சொல்பவரை இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

இப்போது குழலின் நிறத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழல்கள் பலவற்றில் நீர்ச்சுழிபோன்ற கோலம் ஒன்று தெரியும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். நம் சேலம் பக்கத்து உருக்கோடு இதைப் பலர் குழப்பிக்கொள்வதால் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்த எஃகில் வரும் கோலம், எஃகு ஆறும்போது அதற்குள்ளேயே விளைவது. ஐரோப்பியத் துப்பாக்கிக் குழலின் கோலம் வேறு வழியில் வந்தது. இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி ஒட்டி, முறுக்கி, அந்த முறுக்கிய கம்பிகளைப் பட்டையாக்கி, ஒரு கோலின்மேல் சுருளாகச் சுற்றி, மறுபடியும் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துச் சேர்த்தார்கள். அந்தக் கோலம் முறுக்கிலிருந்து வருகிறது. பெல்ஜியத்தில் லீஜ் நகருக்கு அருகே வெஸ்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக இதைச் செய்து உலகத்துக்கே அனுப்பினார்கள். இங்கிலாந்தில் பெயர்பெற்ற கடைகளின் துப்பாக்கிகளில்கூட அந்தக் குழல்கள் உண்டு. பிறகு ஒரே துண்டு எஃகில் துளைபோட்ட குழல்கள் மலிவாகவும் வலுவாகவும் வரத் தொடங்கியதும் அந்தத் தொழில் மங்கிப் போனது. நல்ல டமாஸ்கஸ் குழலை இன்று புதிதாகச் செய்துதர ஆள் தேடுவது கடினம். ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி.

அந்தக் கோலம் சும்மா தெரியாது. வெறுமனே மெருகேற்றிய குழலில் அது கண்ணுக்கு மறைந்தே இருக்கும். அதை வெளியே கொண்டுவருவது துரு. ஆமாம், துருதான். எதிரி என்று நினைக்கிற பொருளை அளந்து, அடக்கி, வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

முறை இப்படி. குழலின் இரண்டு வாயையும் மரத்தக்கை வைத்து அடைப்பார்கள். அந்தத் தக்கைதான் இனிமேல் கைப்பிடி. குழலைச் சுண்ணாம்புப் பொடியால் தேய்த்து எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாமல் நீக்குவார்கள். அதற்குப் பின் வெறும் விரல் பட்டால் போச்சு. விரல் பட்ட இடத்தில் நிறம் ஏறாது. பிறகு துருவேற்றும் திரவத்தை மெல்லிய பஞ்சால் ஒரே இழுப்பாகத் தடவி, ஈரக்காற்று உள்ள பெட்டியில் சில மணிநேரம் வைப்பார்கள். செம்பழுப்பாக மெல்லிய துரு பூக்கும். அதைச் சுத்தமான தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் சிவப்புத் துரு கருப்பாக மாறுகிறது. வேதியியலில் இது மேக்னடைட். இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும், மேலும் துரு ஏறுவதைத் தடுக்கும். மேலே மிதக்கும் தூசியை மென்கம்பித் தூரிகையால் நீவி எடுத்தால் சாம்பல்நிறப் படலம் ஒன்று மிஞ்சும். மறுபடியும் திரவம், ஈரப்பெட்டி, கொதிநீர், தூரிகை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கருக்கும். ஆறு, எட்டு, சிலசமயம் பத்துச் சுற்று. தண்ணீரில் உப்பு இருந்தால் திட்டுத் திட்டாக விழும்; ஆகவே மழைத்தண்ணீரோ வடிநீரோ வேண்டும்.

டமாஸ்கஸில் கொதிக்க வைப்பதும் வைக்காததும் எந்த நிறம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. கொதிக்க வைக்காமல் துருவைத் துருவாகவே படியவிட்டால் பழுப்பு வரும். இரும்பு ஒரு வேகத்தில் துருவேறும், எஃகு இன்னொரு வேகத்தில். அந்த வேறுபாடுதான் பழுப்பும் வெள்ளியுமாகக் கோலத்தை எழுதிக் காட்டுகிறது. திரவத்தின் செய்முறையைப் பழைய பட்டறைக்காரர்கள் ரகசியமாக வைத்திருந்தார்கள். பலவற்றில் பாதரச உப்புகள் உண்டு, விஷம். சமையலறையில் பரிசோதித்துப் பார்க்கிற காரியம் இல்லை.

இந்தக் கருப்பை மறுபடி ஏற்றுவது நியாயமா என்று கேட்பீர்கள். இங்கிலீஷ் ரெட்டைக்குழலைப் பொறுத்தவரை நியாயம்தான் என்பது என் கருத்து. அந்தத் துப்பாக்கிகள் வருடாவருடம் வேட்டைப் பருவம் முடிந்ததும் செய்த கடைக்கே போய், கழற்றிச் சுத்தமாகி, தேவைப்பட்டால் கருப்பேறித் திரும்பின. புதுக் கருப்பு ஏறுவது அவற்றின் வாழ்க்கையில் ஒரு வழக்கம். ஆனால் அதே முறையில் ஏறியிருக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய விபத்து நடக்கிறது. 1930களுக்குப் பிறகு வேகமான முறை ஒன்று பரவியது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைந்த தொட்டியைச் சுமார் 140 டிகிரி வரை காய்ச்சி, அதில் குழலை முக்கினால் அரைமணிநேரத்தில் பளபளக்கும் கருப்பு வந்துவிடும். ஒரே துண்டு எஃகுக் குழலுக்கு அது சரி. ரெட்டைக்குழலில் பட்டைகளை ஒட்டியிருப்பது ஈயமும் தகரமும் கலந்த மெல்லிய பற்றாசு. காஸ்டிக் அதைத் தின்னும். தின்ற இடத்தில் பட்டைக்கு உள்ளே புகுந்துகொண்டு, எத்தனை அலசினாலும் வெளியே வராமல், அங்கிருந்து இரும்பை அரிக்கும். வெளியே அழகான கருப்பு; கொஞ்ச காலம் கழித்துத் தட்டிப் பார்த்தால் மணியோசை போய்விட்டது தெரியும். வீட்டில் ரெட்டைக்குழல் இருக்கிறவர்கள் பழுதுபார்ப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த முறையில் கருப்பேற்றுவீர்கள் என்பதே. தொட்டியில் முக்குவேன் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பூட்டுத் தகட்டின் நிறம் வேறு கதை. அந்தப் பாகத்தை மெல்லிரும்பில்தான் செய்தார்கள். அரமும் உளியும் ஏறுவதற்கு அது மென்மையாக இருக்க வேண்டும். செதுக்கு வேலை முடிந்த பிறகு மேற்பரப்பை மட்டும் கடினமாக்க வேண்டும். எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் பாகங்களைப் புதைத்து, உலையில் சிவக்கக் காய்ச்சி, சில மணிநேரம் அந்தச் சூட்டிலேயே வைப்பார்கள். கரியிலிருந்து கார்பன் மெல்ல இரும்பின் மேல்தோலுக்குள் இறங்கும். பிறகு காற்றுக்குமிழ் பொங்கும் தண்ணீரில் பெட்டியை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்ப்பார்கள். அந்த ஒரு நொடியில் கடினமும் வருகிறது, நிறமும் வருகிறது. நீலம், வைக்கோல் மஞ்சள், பழுப்பு, சாம்பல், எல்லாம் மேகம் மேகமாக. எந்த இடத்தில் எந்த நிறம் விழும் என்பது கரியின் கலவை, பாகத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கவ்விகள், தண்ணீரின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு சாயல். அமெரிக்காவில் கோல்ட் நிறுவனத்து ரிவால்வரின் நிறமும் பார்க்கர் ரெட்டைக்குழலின் நிறமும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றல்ல. நியூயார்க் மாநிலத்தின் ப்ளூம்ஃபீல்டில் டர்ன்புல் என்ற பட்டறை, இந்தச் சாயல்களைத் தொழிற்சாலை வாரியாகப் படித்து மறுபடி உண்டாக்குவதில் பெயர் வாங்கியது.

அந்த நிறப்படலம் மிக மிக மெல்லியது. வெயிலிலும் கைவியர்வையிலும் மங்கும். அதனால் தூக்கும்போது உள்ளங்கை படுகிற இடம் வெளுத்து, திருகாணித் தலையைச் சுற்றியும் பாதுகாப்பு வளையத்தின் உட்புறத்திலும் மட்டும் நிறம் ஒளிந்திருக்கும். அப்படி ஒளிந்திருக்கும் மிச்சம்தான் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது. கரியில் மறுபடி காய்ச்சினால் புதுநிறம் வரும், சரி. ஆனால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் கவிழ்க்கும்போது பாகம் கோணிக்கொள்ளலாம். அரை நூல் கோணினாலும் குழல் சரியாக உட்காராது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பழைய நிறம் ஒரு மூலையிலாவது மிச்சமிருந்தால் தொடக் கூடாது. முன்பு யாரோ சக்கரத்தில் தேய்த்து எல்லாவற்றையும் அழித்துவிட்ட துப்பாக்கிக்கு மட்டும் புதுநிறம் கொடுக்கலாம். வாயுச்சுடரால் மேலே சுட்டு நீலமும் மஞ்சளும் வரவைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. அதில் நிறமும் பொய், இரும்பின் பதமும் இறங்கிவிடும்.

திருகாணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கைவேலைத் துப்பாக்கியில் திருகாணிகளும் கைவேலை. அவற்றின் தலையில் உள்ள வெட்டு தலைமுடி போல மெல்லிசாக இருக்கும். முழுதும் இறுக்கினால் வெட்டுகள் குழலோடு ஒரே திசையில் வந்து நிற்கும். கடையில் வாங்கின திருப்புளி அந்த வெட்டுக்குள் போகாது. பலம் கொடுத்தால் நழுவி வெட்டைச் சிதைக்கும், பக்கத்துச் செதுக்கு வேலையையும் கீறும். ஆகவே கைவினைஞர் ஒவ்வொரு திருகாணிக்கும் திருப்புளியின் நுனியை அரைத்துப் பொருத்திக்கொண்ட பிறகே கழற்றுவார். துப்பாக்கியை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். வெட்டுகள் சிதைந்திருந்தால், தெரியாத கை உள்ளே போயிருக்கிறது.

உள்ளே இருக்கும் பூட்டு வேலையை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. அதில் கைவைக்க வேண்டியவர் தேர்ந்தவர் மட்டும். ஒரு பெயரை மட்டும் சொல்கிறேன். பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த ஆன்சனும் டீலியும் 1875இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், குழலை மடக்கித் திறந்தாலே உள்ளே குதிரை ஏறிவிடும். வெளியே குதிரை தெரியாது. இன்றைக்கும் உலகில் செய்யப்படும் ரெட்டைக்குழல்களில் பல அந்த அமைப்பின் வழிவந்தவையே.

குழலும் அடிப்பாகமும் சேரும் முகம் நாளடைவில் தேய்ந்து, நடுவே வெளிச்சம் தெரியத் தொடங்கும். தேய்ந்த இடத்தில் இரும்பைச் சேர்த்த பிறகு முகத்தைப் பொருத்தும் விதம் பார்க்கச் சுவையானது. எண்ணெய் விளக்கின் சுடரில் குழலின் பின்முகத்தைக் காட்டிக் கரிப்புகை ஏற்றுவார்கள். பிறகு குழலை மூடித் திறந்தால், இரும்பும் இரும்பும் தொட்ட இடத்தில் மட்டும் எதிர்முகத்தில் கரி ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் அரத்தால் ஒரு தடவு. மறுபடி புகை, மறுபடி மூடல். முகம் முழுவதும் ஒரே சீராகக் கரி ஒட்டும்வரை இது நடக்கும். மின்னணு அளவுக் கருவிகள் வந்த பிறகும் இந்தப் புகைக்கரியைக் கைவினைஞர்கள் கைவிடவில்லை. அவசரக்காரர்கள் இதற்குப் பதில் கொக்கியைச் சுத்தியலால் தட்டி இரும்பைப் பிதுக்கி இறுக்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் கெட்டியாக இருக்கும், பிறகு முன்பைவிட மோசமாக ஆடும்.

மரத்துக்கு வருவோம். கட்டை வால்நட் மரம். அதன்மேல் வார்னிஷ் பூசுவதில்லை. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். அல்கனெட் என்ற செடியின் வேரை ஊறவைத்த எண்ணெய் செந்நிறம் தரும். தினம் ஒரு துளி, உள்ளங்கைச் சூட்டில் பரப்பி, காயவிட்டு, வாரக்கணக்கில் நடக்கிற வேலை.

கட்டையைப் புதுப்பிக்கிறேன் என்று உப்புத்தாள் எடுப்பவரைத் தடுத்துவிட வேண்டும். முதலில் செய்தபோது இரும்பைச் சந்திக்கும் இடத்தில் மரம் ஒரு மயிரிழை உயரமாக நிற்கும்படி விட்டார்கள். மரத்தைத் தேய்த்தால் இரும்பு மேலே துருத்திக்கொள்ளும். விரலை ஓட்டினாலே தெரிந்துவிடும். பள்ளம் விழுந்த இடத்துக்கு உப்புத்தாள் வேண்டியதில்லை. ஈரத்துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால், நீராவி உள்ளே போய் நசுங்கிய நார் உப்பி எழும்பும். மரம் வெட்டுப்பட்டிருந்தால் எழும்பாது, நசுங்கியிருந்தால் எழும்பும். கைப்பிடியில் உள்ள குறுக்குக்கோட்டுச் செதுக்கலில் அழுக்கு ஏறி மழுங்கியிருக்கும். அதை அதே கோட்டில், அதே கோணத்தில் கைக்கருவியால் மறுபடி கீற வேண்டும். பழைய இங்கிலீஷ் வேலையில் அந்தச் சிறு வைரங்களின் தலை தட்டையாக இருந்தது. கூராக்கினால் அழகு கூடும், ஆனால் அது அந்தத் துப்பாக்கி இல்லை.

இன்னொரு நோய் உண்டு. துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால், தடவிய எண்ணெயெல்லாம் வருடக்கணக்கில் இறங்கி இறங்கி, இரும்பு சேரும் இடத்தில் மரத்துக்குள் புகும். மரம் கருத்து, மெத்தென்று ஆகி, அதிர்ச்சி தாங்காமல் விரிசல் விடும். கரைப்பானையும் சுண்ணாம்புப் பொடியையும் குழைத்து அப்பி, எண்ணெயை மெல்ல மெல்ல வெளியே உறிஞ்சுவிக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உழைக்கிற துப்பாக்கிக்கு. தொடவே கூடாத துப்பாக்கியும் உண்டு. 2014 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் தொல்லியலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்த ரைஃபிளைப் பார்த்தார்கள். கட்டை வெளுத்து வெடித்து, மரத்தோடு மரமாக நின்றது. அடிக்கட்டை மண்ணில் புதைந்திருந்தது. வின்செஸ்டர் 1873 மாதிரி. பொறித்திருந்த எண்ணை வயோமிங்கின் கோடி நகரத் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் உள்ள பதிவேட்டில் தேடியபோது 1882இல் செய்தது என்று தெரிந்தது. அந்த மாதிரியில் 1916 வரை 7,20,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஆக, அது அரிய மாதிரி இல்லை. யார் சாய்த்து வைத்தார்கள், ஏன் திரும்பி வரவில்லை என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை.

அதைக் கோடி நகர அருங்காட்சியகத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். முதலில் எக்ஸ்ரே எடுத்துக் குழலில் தோட்டா இல்லை என்று உறுதிப்படுத்தினார்கள். அடிக்கட்டைக்குள் இருக்கும் சிறு அறையில் ஒரு தோட்டா கிடந்தது. 1887க்கும் 1911க்கும் நடுவே செய்த வகை. ஆகவே 1882இல் பிறந்த ரைஃபிள் குறைந்தது ஐந்து வருடமாவது யாரிடமோ இருந்திருக்கிறது. பிறகு உதிரும் மரச்செதில்களைப் பசையால் நிலைப்படுத்தினார்கள். அவ்வளவுதான். துருவைக் கருப்பாக்கவில்லை. கட்டையை மாற்றவில்லை. மண்ணில் புதைந்த அளவு கட்டையில் தெரிகிறது, வெயில் பட்ட பக்கம் தெரிகிறது. அந்த வெளுப்பைத் துடைத்திருந்தால், ஏழு லட்சத்தில் ஒன்றாகத்தான் அது மிஞ்சியிருக்கும்.

உழைக்கிற துப்பாக்கிக்கும் இந்த ரைஃபிளுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது? என் கணக்கு இது. ஒரு துப்பாக்கி தன்னைப்பற்றிச் சொல்கிற சேதி அதன் செய்நேர்த்தியில் இருந்தால், அந்த நேர்த்தியை அதே முறையில் மீட்கலாம். சேதி அதன் காயங்களில் இருந்தால், காயத்தைக் காக்க வேண்டும். போரில் பயன்பட்டது, ஒரு மனிதரோடு சேர்த்து அறியப்படுவது, மண்ணிலிருந்து வந்தது, இவையெல்லாம் இரண்டாம் வகை. அருங்காட்சியகங்கள் இந்த இரண்டாம் வழியில்தான் நடக்கின்றன. சிவந்து பொடியாக உதிர்கிற துருவை மட்டும் நிறுத்துவார்கள். இறுகிப் பழுப்பேறிய பழந்தோலை விட்டுவிட்டு, மேலே மெழுகு பூசுவார்கள். வேண்டாமென்றால் நாளைக்கு எடுத்துவிடக்கூடியதை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. அங்கே போனால் எவ்வளவு பளபளக்கிறது என்று பார்க்காமல், விளிம்புகளையும் செதுக்கு வேலையின் மெல்லிய கோடுகளையும் பாருங்கள்.

நம் ஊரில் இப்படியொன்று வீட்டில் இருந்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். முதலில், அதில் மருந்து இல்லை என்று யாரும் சொன்னால் நம்பக் கூடாது. வாய்வழியாகக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் பல தலைமுறைக்கு முன் கெட்டித்த மருந்தோடே பரணில் கிடப்பதுண்டு. தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை கைவைக்காதீர்கள். அடுத்து சட்டம். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு வாரிசு விண்ணப்பிக்க வேண்டும். பழுதுபார்க்கவும் உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்கலாம். 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் அப்படி. பழுதுபார்த்தாலும் சுட முடியாத அளவுக்குப் போய்விட்ட பழம்பொருட்களுக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. உங்களுடையது அதில் சேருமா என்பதை நீங்களே முடிவுசெய்யாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு வருடம் தாண்டியது தொல்பொருள் கணக்கில் வரும், வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவும் கூடாது.

பராமரிப்பு எளிது. தோல் உறையிலோ துணி உறையிலோ சுற்றி வைக்காதீர்கள். இரண்டும் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தாவர எண்ணெய்கள் நாள்பட்டால் அமிலமேறி இரும்பைத் தின்னும். மெல்லிய கனிம எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, வாய் கீழே பார்க்க நிறுத்தி வையுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா, அப்போது கொடுக்கும் முன்னும் திரும்பி வந்த பின்னும் ஒரு தடவை துடையுங்கள். மாதக்கணக்கில் அது ஓர் அறையில் பல கைகளின் வியர்வையோடு நின்றிருக்கும்.

பட்டறைக்குக் கொடுப்பதென்று முடிவானால், கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். முத்திரைகளைத் தனியாக, கிட்டத்தில். எந்தப் பாகத்தில் என்ன செய்யப் போகிறார், எதைத் தொட மாட்டார் என்று எழுதி வாங்குங்கள். திருகாணியோ வில்லோ புதிதாகச் செய்து போட்டால், கழற்றிய பழையதைக் குப்பையில் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு சின்னப் பையில் போட்டுப் பெயர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி வாருங்கள்.